மகளோட மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷனுக்கு யார்கிட்ட லெட்டர் கேக்கறது?

கட்டபெட்டு அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் போனவ, இன்னிக்குத்தான் எழுதறேன். நீளமாப் போனா மன்னிக்கணும்.

நாங்க கோத்தகிரி பக்கம், கட்டபெட்டுலேர்ந்து உள்ளே தள்ளி ஒரு ஹட்டி (படுகர் ஊர்). ரெண்டு ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாதுன்னு அவர் ஒரு காலத்துல நியூஜெர்சிக்கு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார். பொண்ணு அங்க பிறந்தா. அவளுக்கு ஆறு வயசுல திரும்பிட்டோம். பன்னெண்டாவது வரைக்கும் மலையிலதான் படிச்சா. பாஸ்போர்ட் அந்த ஊருதுங்கறதால காலேஜுக்கு மறுபடி அங்க போயிட்டா, இப்ப மூணாவது வருஷம் முடியப் போகுது.

இவளுக்கு டாக்டராகணும். அங்க ப்ளஸ் டூ முடிச்ச கையோட எம்.பி.பி.எஸ். கிடையாது. நாலு வருஷ டிகிரி, எம்கேட் பரீட்சை, அதுக்கப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல். ஆம்காஸ்னு ஒரு பொது அப்ளிகேஷன், மே மாசம் திறக்குது. பரீட்சையெல்லாம் எழுதியாச்சு. மிச்சம் இருக்கறது லெட்டர். இவ எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சவங்க எழுதணுமாம். அதுலதான் வீட்டுல ஒரு மாசமா சண்டை.

மாமாவுக்கு (மாமனார், 81 வயசு) ஒரே பிடிவாதம், பழைய எம்.எல்.ஏ. கிட்ட வாங்கணும்னு. "லெட்டர்பேடுல கோபுர முத்திரை இருந்தா எவனும் எழுந்து நிப்பான்"ங்கறார். வீட்டுக்காரர் சொல்றது கோயம்புத்தூர்ல இருக்கற, தன்கூடப் படிச்ச நண்பர், பெரிய இதய டாக்டர். அவர் என் பொண்ணைப் பார்த்தது ரெண்டு தடவை, ரெண்டும் கல்யாண வீடு. கேட்டதும் "அதுக்கென்ன, நீங்களே டைப் பண்ணி அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்"னுட்டார். நல்ல மனுஷன்.

பொண்ணு ரெண்டு பேரைச் சொல்றா. ஒருத்தர் அங்க கெமிஸ்ட்ரி ப்ரொபசர். அந்தப் பாடத்துல இவளுக்கு 'பி'தான்! முதல் டெஸ்ட்ல அதைவிடக் கீழே போயி, வாராவாரம் அவர் ரூமுக்குப் போய் உக்காந்து சந்தேகம் கேட்டு 'பி'க்கு வந்தா. 'ஏ' போட்ட ப்ரொபசருங்க இருக்கும்போது இவர்கிட்ட ஏன்னு எனக்குப் புரியல.

இன்னொருத்தர் நம்ம ஊர்க்காரங்க. போன ரெண்டு வருஷமும் ஜூன், ஜூலை லீவுல இவ ஒரு தொண்டு நிறுவனத்தோட மொபைல் கிளினிக்கூட குறும்பர் பழங்குடி ஊர்களுக்குப் போனா. சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய்க்கான பரிசோதனை. அதுல இருக்கற சிஸ்டர், அவங்களே ஆலு குறும்பர், பத்து வருஷத்துக்கு மேல இந்த வேலை. இவ கூடவே ஜீப்புலயும் நடந்தும் திரிஞ்சு, ரெஜிஸ்டர் எழுதி, குழந்தைங்களைப் பிடிச்சு உக்கார வெச்சு, அட்டைக்கடியோட வீட்டுக்கு வருவா. சிஸ்டருக்குத் தமிழ்லதான் எழுத வரும்.

இதுல இன்னொண்ணு இருக்கு, சொல்லவே கூச்சமா இருக்கு. முதல் வருஷம் ஒரு ஊர்ல ரெஜிஸ்டர்ல ரெண்டு பேரோட நம்பரை மாத்தி எழுதிட்டா. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போது சந்தேகம் வந்து, ஒன்பது மணிக்கு சிஸ்டருக்கு போன் பண்ணி அழுதா. மறுநாள் தானாவே கிளம்பிட்டா. மழையில ரெண்டு பேரும் திரும்ப நடந்து போய் அந்த ரெண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தாங்க. அவங்ககிட்ட லெட்டர் கேட்டா இதை எழுதிடுவாங்களோன்னு எனக்கு பயம்.

யார்கிட்டங்க கேக்கறது?

*

நாலுமுக்கு டீக்கடை:

நம்ம ஊர்ல இந்தத் தொல்லையே இல்லைங்க. நீட் மார்க்குதான் குணம், மார்க்குதான் ஜாதகம். 720க்கு எவ்வளவுன்னு மட்டும் கேப்பாங்க. அந்த விஷயத்துல நாம கொடுத்து வெச்சவங்களா இல்லையான்னு தெரியல. எம்.எல்.ஏ. லெட்டர் மட்டும் வேணாங்க. அந்த ஊர்ல அதை யார் படிக்கப் போறா?

*

வெலிங்டன் வாத்தியார்:

அம்மா, நான் 34 ஆண்டுகள் ஆசிரியர், கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியர். மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'நன்று' என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ தெரியாது. ஆய்வகத்தில் பீக்கரை உடைத்து ஒளித்து வைத்தவனும் நன்று, உடைத்தவனைக் காட்டிக் கொடுக்காதவனும் நன்று. முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்ப்போம். உங்கள் மாமனார் கோபுர முத்திரை கேட்பதில் தவறு இல்லை. அவர் வாழ்ந்த காலம் முழுவதும் சான்றிதழ் என்றால் அதுதான்.

என் கதையைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் மகன், எஸ்டேட் மேனேஜர் பிள்ளை, இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க விண்ணப்பித்தான். அங்கே யூகாஸ் என்ற அமைப்பு வழியாகப் போக வேண்டும், மருத்துவத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள், பரிந்துரைக் கடிதம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை என்னிடம் கேட்டார்கள். பெருமையாக இருந்தது. எழுத உட்கார்ந்தேன். இவனை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்று முதலில் சொல்ல வேண்டும். பேனா அங்கேயே நின்றுவிட்டது. பதினேழு வருடமாகத் தெரியும். தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வருவான், கால் தொட்டுக் கும்பிடுவான். அதைத் தவிர அவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, தோற்றும் பார்த்ததில்லை. கடைசியில் அடைமொழிகளால் ஒரு பக்கத்தை நிரப்பினேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் கோவை டாக்டர் இப்போது அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். அவர் உங்களையே டைப் பண்ணச் சொல்வது பெருந்தன்மையால் அல்ல, எழுத அவரிடம் விஷயம் இல்லை.

இன்னொரு கடிதம். எங்கள் பள்ளியில் மழைமானி ஒன்று இருந்தது. மலையில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மழைக்கணக்கு வைப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் அந்தப் பதிவேட்டைக் கொடுத்தேன். காலை எட்டரைக்கு அளக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். இரண்டு வருடம் எழுதினாள். அவளுக்கு முன்னால் எழுதியவன் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இவளுடையதில் பதினொரு நாள் காலி. கேட்டபோது, 'அன்னிக்கு நான் வரல சார்' என்றாள். முன்னவன் வராத நாளெல்லாம் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் கேட்டு நிரப்பியிருக்கிறான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பிற்பாடு அவள் வெளிநாட்டில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பதினொரு காலிக் கட்டங்களைப் பற்றித்தான் எழுதினேன். இப்போது அயர்லாந்தில் மருத்துவர். கடிதத்தால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரப் பெண். ஆனால் அந்தக் கடிதத்தை எழுத எனக்கு இருபது நிமிடம்தான் ஆனது.

நம்பர் மாற்றி எழுதிய விஷயத்தை சிஸ்டர் எழுதிவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். எழுதாமல் விட்டுவிடுவாரோ என்றுதான் நான் பயப்படுவேன்.

கெமிஸ்ட்ரி பேராசிரியர் விஷயத்திலும் மகள் சொல்வதே சரி. 'ஏ' வாங்கிய வகுப்பில் பின்பெஞ்சில் அமைதியாக இருந்துவிட்டுப் போயிருப்பாள். அந்த ஆசிரியருக்கு இவள் முகமே நினைவிருக்காது.

*

குன்னூர் டு டெட்ராய்ட்:

நான் பிறந்தது குன்னூர், சிம்ஸ் பார்க் பக்கத்துல. இங்க வந்து 22 வருஷம், இன்டர்னல் மெடிசின் டாக்டர். ஒரு மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளிகண்ட்ஸை இன்டர்வ்யூ பண்றதுண்டு. அதனால லெட்டர் நிறையப் படிச்சிருக்கேன். வாத்தியார் ஐயா சொன்னது அத்தனையும் சரி. மேல கொஞ்சம் நடைமுறை.

முதல்ல, சிஸ்டர் லெட்டரை மட்டும் வெச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது. பெரும்பாலான ஸ்கூல் ரெண்டு சயின்ஸ் ப்ரொபசர் லெட்டர் கேக்கும், சிலது சயின்ஸ் அல்லாத ஒருத்தரும் வேணும்பாங்க. ஸ்கூலுக்கு ஸ்கூல் வேற. எம்.எஸ்.ஏ.ஆர்.னு ஏ.ஏ.எம்.சி. (இங்க இருக்கற மெடிக்கல் ஸ்கூல்களோட சங்கம்) ஒரு டேட்டாபேஸ் வெச்சிருக்கு, பாப்பாவை அதுல ஒவ்வொண்ணாப் பார்க்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, அவ காலேஜ்ல ப்ரீ மெட் கமிட்டி (மெடிக்கல் ஸ்கூலுக்குப் போக நினைக்கற பசங்களுக்கு வழிகாட்டற குழு) இருக்கான்னு கேளுங்க. இருந்தா அவங்களே ஒரு கமிட்டி லெட்டர் எழுதுவாங்க. இருந்தும் வாங்கலைன்னா, ஏன் வாங்கலைன்னு கேக்கற ஸ்கூல் உண்டு. ஆம்காஸ்ல பத்து லெட்டர் வரைக்கும் ஏத்தலாம். அதுக்காகப் பத்தையும் ரொப்பணும்னு இல்ல. நல்லா அஞ்சு இருந்தாப் போதும். ஆறாவதா ஒரு மொக்கை லெட்டர் வந்தா அஞ்சையும் கீழ இழுத்துரும்.

லெட்டர் வந்தாதான் அப்ளிகேஷன் போகும்னு நினைச்சுப் பதற வேணாம். அப்ளிகேஷனை முதல்ல சமர்ப்பிச்சிடலாம், லெட்டர் பின்னால சேரும். எழுதறவங்க நேரா அவங்களே அப்லோட் பண்ணணும், உங்க கைக்கோ பாப்பா கைக்கோ வரக்கூடாது. இந்த ஊர் 1974 சட்டப்படி தன்னைப் பத்தின லெட்டரைப் படிக்க மாணவருக்கு உரிமை இருக்கு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கறியான்னு கேப்பாங்க. விட்டுக்கொடுக்கறேன்னு சொல்லச் சொல்லுங்க. பையன் படிப்பான்னு தெரிஞ்சு எழுதின லெட்டரை எங்களுக்குப் படிக்கும்போதே ஒரு தினுசாத்தான் இருக்கும். இதெல்லாம் இப்படி இருக்கும்போது கோயம்புத்தூர் டாக்டருக்கு நீங்க டைப் பண்ணி அனுப்பறதா? வேணவே வேணாம்.

எழுதறவங்களுக்குன்னு ஏ.ஏ.எம்.சி. ஒரு வழிகாட்டிக் குறிப்பு போட்டிருக்கு. முதல் விஷயமே, இந்த ஆளுக்காக வக்காலத்து வாங்காதீங்க, மருத்துவத்துக்குப் பொருத்தமான்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கங்கறதுதான். எத்தனை காலமாத் தெரியும், என்ன உறவு, நேர்ல பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா, அதையும் சொல்லச் சொல்றாங்க. உங்களுக்கு இந்தக் கடைசி வரி முக்கியம், கீழ வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்லேர்ந்து வர்ற லெட்டர்ல பாசத்துல எழுதிடுவாங்க, "இந்தப் பெண் தானே ஊசி போட்டாள், தையல் போட்டாள், டாக்டர் மாதிரியே வேலை செய்தாள்"னு. அம்மா, இங்க அது பாராட்டு இல்ல. பயிற்சி இல்லாத ஸ்டூடண்ட் ஏழை ஜனங்க மேல கை வெச்சுப் பழகினான்னுதான் படிப்போம். வெளிநாட்டுல போய் இப்படிச் செய்யக்கூடாதுன்னு ப்ரீ மெட் பசங்களுக்கு ஏ.ஏ.எம்.சி. தனியாவே அறிவுரை வெச்சிருக்கு. உங்க பொண்ணு ரெஜிஸ்டர் எழுதினா, குழந்தையைப் பிடிச்சா, பெட்டி தூக்கினா. அதோட நிக்கட்டும். ஊதிப் பெருசாக்கற யாரையும் எழுத விடாதீங்க. தாத்தாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு லெட்டர் எழுதாதீங்க :)

இப்ப சிஸ்டர் விஷயம். அந்த கிளினிக்குக்கு ஒரு டாக்டர் பொறுப்பா இருப்பார்ல? சிஸ்டர் தமிழ்ல சொல்லட்டும், டாக்டர் இங்கிலீஷ்ல எழுதி, நிறுவன லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டு அவரே அப்லோட் பண்ணட்டும். "இது நான் நேரில் கண்டது, இது பத்தாண்டு அனுபவமுள்ள எங்கள் பணியாளர் இரண்டு கோடையும் உடனிருந்து கண்டது"ன்னு பிரிச்சு எழுதணும். சிஸ்டர் பேர், அவங்க வேலை, எல்லாம் உள்ள வரணும். சிஸ்டரை மறைச்சுட்டு டாக்டரே எல்லாம் பார்த்த மாதிரி எழுதினா அது பொய்.

*

பூம்பாறை பூண்டு:

கொடைக்கானல்லேர்ந்து ஒரு குறுக்குச்சால். நம்ம ஊர்ல லெட்டரே கிடையாதுன்னு டீக்கடைக்காரர் சொல்றார். வேலூர் சி.எம்.சி.க்கு கிறிஸ்தவ சபை ஸ்பான்சர்ஷிப்ல போறவங்களுக்கு உண்டுங்க. நீட் மார்க் வேணும்தான், கூடவே அனுப்பற சபை இவன் நம்ம பிள்ளைன்னு சொல்லணும். படிச்சு முடிச்சதும் அனுப்பின சபை சொல்ற இடத்துல ரெண்டு வருஷம் வேலை செய்யணும். அதனால பையன் எப்படிங்கறது எங்களுக்கு நிஜமாவே தேவைப்படற விஷயம்.

எங்க சபைக் கமிட்டியில நான் சில வருஷம் இருந்தேன். வர்ற கடிதத்துல பாதி ஒரே கடிதம். "ஞாயிறு பள்ளி தவறாதவர், பாடகர் குழுவில் உள்ளவர், பெற்றோருக்குக் கீழ்ப்படிகிறவர்." பேரை மறைச்சுட்டா எது யாருதுன்னு எழுதினவருக்கே தெரியாது. ஒரே ஒரு கடிதம் ஞாபகம் இருக்கு. ஒரு சபை ஐயர் (போதகர்) எழுதினது: "இவனுக்கு அதிகாலை எழுந்திருப்பது கடினம். ஆனால் என் மனைவி படுக்கையில் இருந்த நாலு மாதமும் ஐந்தரை மணிக்குப் பால் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான், நாங்கள் கேட்கவில்லை." அந்தப் பையனைப் பத்தி நாங்க மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேக்கல.

(சி.எம்.சி.யை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கடைசிக் காலத்துல எங்க கொடைக்கானல்லதான் இருந்தாங்க, 1960ல இங்கதான் இறந்தாங்க. சொல்லாம விட்டா ஊர்க்காரங்க என்னைத் திட்டுவாங்க.)

*

கட்டபெட்டு அம்மா:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, உங்க மழைமானிக் கதையைப் பொண்ணுக்கு போன்லயே படிச்சுக் காட்டினேன். அப்படியே எங்க மாமாவுக்கும். அவர் 'அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு, முறுக்குக்காரனுக்கு' ன்னு கேட்டார். சொல்லுங்க.

டெட்ராய்ட் தம்பி, கமிட்டி இருக்குன்னு பொண்ணு சொல்றா, பிப்ரவரியிலேயே அவங்ககூடப் பேசிட்டாளாம். எங்ககிட்டதான் சொல்லல. கெமிஸ்ட்ரி ப்ரொபசர் சரின்னுட்டார். ஒரு சந்தேகம்: சிஸ்டர்கிட்ட நான் போய்க் கேக்கலாமா, இல்ல அவதான் கேக்கணுமா?

*

குன்னூர் டு டெட்ராய்ட்:

அவதான் கேக்கணும். வாட்ஸ்அப்ல ஒரு வரி போடாம, போன் பண்ணிக் கேக்கட்டும். "எனக்காக நல்லா எழுத முடியுமா"ன்னு கேட்டு, முடியாதுன்னு சொல்லவும் அவங்களுக்கு இடம் விட்டுக் கேக்கட்டும். அவங்க தயங்கினா வற்புறுத்த வேணாம், தயங்கி எழுதின லெட்டர் தயங்கியேதான் இருக்கும். நாள் நிறையக் கொடுங்க. மழை ஆரம்பிச்சா அவங்களுக்கு ஊருக்குள்ள போறதே பெரும்பாடு.

*

வெலிங்டன் வாத்தியார்:

முறுக்குக்காரன் பெங்களூரில் கட்டட ஒப்பந்தக்காரர். நன்றாக இருக்கிறான். இன்னும் முறுக்கு வருகிறது.

*

கட்டபெட்டு அம்மா:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். சீசன் கூட்டம், கோத்தகிரி ரோட்டுல நகர முடியல.

பொண்ணு சிஸ்டருக்கு போன் பண்ணிக் கேட்டா. சிஸ்டர் உடனே சரின்னு சொல்லல, ரெண்டு நாள் யோசிச்சிருக்காங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வந்தவங்க எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. காபி குடிச்சிட்டு, "நம்பர் மாறின கதையை டாக்டர் எழுதச் சொல்றார், பாப்பாவைக் கேக்காம எழுத மாட்டேன்னுட்டேன்"ன்னாங்க. அப்பவே போன் போட்டோம். அங்க ராத்திரி, தூக்கக் கலக்கம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "எழுதுங்க அக்கா. ஆனா மறுநாள் நான் பயந்துபோய் வரமாட்டேன்னு சொன்னதையும், நீங்க வந்து கூட்டிட்டுப் போனதையும் சேர்த்து எழுதுங்க"ன்னா. அது எனக்கே தெரியாது. தானா கிளம்பிப் போனான்னுதான் இத்தனை நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், இங்க உங்ககிட்டயும்.

சிஸ்டர் சிரிச்சிட்டாங்க. அவங்க சொன்னது: அந்த ரெண்டு பேர்ல ஒரு பையனுக்குக் கல்யாணம் பேசிட்டிருந்தாங்களாம். ரெண்டு பக்கமும் அந்த ரத்தக்கூறு இருந்தா பிறக்கற குழந்தைக்கு நாலுல ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு, அதனால எந்த நம்பர் யாருதுங்கறது விளையாட்டில்ல. "போன் வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா"ன்னாங்க.

டாக்டர் லெட்டரை ஏத்திட்டாராம். என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. கோயம்புத்தூர் நண்பர்கிட்ட இவர் ஒரு மாதிரி சொல்லிச் சமாளிச்சுட்டார். மலைக்கு வர இ பாஸ் எடுத்துக்கிட்டு குடும்பத்தோட அடுத்த வாரம் இங்க வர்றாங்க, கோபமெல்லாம் இல்ல.

மாமா மட்டும் யாருக்கும் சொல்லாம பஸ் ஏறி ஊட்டிக்குப் போய், எம்.எல்.ஏ. லெட்டரை வாங்கிட்டு வந்துட்டார். ரெண்டு காப்பி. பீரோவுல பத்திரத்தோட வெச்சிருக்கு.